ரிப்பன் மாளிகையில் விவாதம், எழும்பூரில் முடிவு: வடசென்னையில் ஒரு மாலுக்கு அனுமதி கிடைப்பது எப்படி?

வடசென்னையில் பெரிய மால் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் இரண்டு குரல்கள் எழும். படம் பார்க்கவும் துணி எடுக்கவும் அண்ணா நகருக்கும் வேளச்சேரிக்கும் எத்தனை காலம் போவது, எங்கள் பகுதிக்கு அந்த வசதி கூடாதா என்பது ஒன்று. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இப்போதே வண்டி நகரவில்லை, எம்.சி. ரோட்டுக் கடைக்காரர்கள் என்ன ஆவார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இவை மாநகராட்சி மன்றத்தில் மோதும்போதுதான் செய்தி படிப்பவருக்குக் குழப்பம் தொடங்குகிறது. ஒரு நாள் ‘கவுன்சிலர்கள் கடும் எதிர்ப்பு’ என்று படிக்கிறோம். சில மாதம் கழித்து அதே இடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு எழும்புகிறது. மன்றம் எதிர்த்ததே, பிறகு அனுமதி கொடுத்தது யார்?

தனியார் நிலத்தில் தனியார் கட்டும் மாலுக்கு மாநகராட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவையே இல்லை. அந்த முடிவு எழும்பூரில், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில், அதாவது சி.எம்.டி.ஏ.வில் எடுக்கப்படுகிறது. நாம் நேரில் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய கவுன்சிலருக்கு அதில் வாக்கு இல்லை. இந்த அடிப்படை தெரியாமல் நடக்கும் போராட்டங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. சரியான கதவுகள் எவை, அவை எப்போது திறக்கின்றன என்பதை இனி பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டியது: நிலம் யாருடையது?

மால் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நிலத்தின் உரிமையாளர் மாறினால் பொருந்தும் சட்டம் மாறும், முடிவெடுப்பவர் மாறுவார், பொதுமக்களின் பிடியும் மாறும்.

1. தனியார் பட்டா நிலம். வடசென்னையில் இது பெரும்பாலும் மூடிய ஆலைகளின் நிலம். பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. இன்று அந்த வளாகத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை பக்கமும் ஆலைக் கொட்டகைகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. இந்த வகை நிலத்தில் மாநகராட்சி மன்றம் பேசலாம், கேட்கலாம், தடுக்க முடியாது.

2. மாநகராட்சிக்குச் சொந்தமான நிலம். பழைய சந்தை, பேருந்து நிலையம், மாநகராட்சி வணிக வளாகம் போன்றவை. இங்கே மன்றத் தீர்மானம் இல்லாமல் குத்தகைக்கோ மறுகட்டுமானத்துக்கோ விட முடியாது. பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் இடித்து, 800 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் பேருந்து முனையமும் வணிகத் தளங்களும் கொண்ட வளாகம் கட்டும் திட்டத்தில் மாநகராட்சிக்கு நேரடிப் பங்கு இருப்பது இதனால்தான்.

3. பிற அரசு அமைப்புகளின் நிலம். துறைமுகம், ரயில்வே, மெட்ரோ ரயில் நிறுவனம் ஆகியவை தத்தம் நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு விடலாம். அங்கே ஒப்பந்தம் போடும் அமைப்பு மாநகராட்சிக்கு வெளியே இருக்கிறது.

4. கோயில் நிலம். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆவது பிரிவின்படி, கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்குத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அதற்கு முன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். திருவொற்றியூர் போன்ற பழைய கோயில் ஊர்களில் இது வெறும் ஏட்டுச் சட்டமன்று.

இந்த நான்கில் எது என்று தெரிந்துகொள்ள, சர்வே எண்ணை வைத்துப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் தொடங்கும் எதிர்ப்பும் ஆதரவும் முதல் வாரத்திலேயே திசை மாறிவிடும்.

மாநகராட்சிக்கு ஏன் அதிகாரம் இல்லை?

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழமையானது. இருந்தும் நகரத்தின் எந்த மூலையில் எது கட்டலாம் என்று வரையறுக்கும் வேலை அதனிடம் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் அந்த வேலையைத் திட்டக் குழுமங்களிடம் கொடுத்தது. சென்னைக்கு சி.எம்.டி.ஏ. 1970-களில் உருவானது. நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்தைத் தயாரிப்பதும், பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருவதும் அதன் பொறுப்பு. இப்போது நடைமுறையில் இருப்பது 2008-ல் ஏற்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டம்.

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த நிலையை மாற்றியிருக்க வேண்டும். அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரியவையாக 18 பணிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. முதலாவது நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஆனால் இந்த அதிகாரங்களை மாநில அரசு ‘வழங்கலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. முப்பதாண்டு கடந்த பின்னும் முதலிரண்டு பணிகளின் கடிவாளம் மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திடம் நகரத்தின் வடிவத்தை ஒப்படைக்கத் தயங்குவது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். வடசென்னை அந்தக் குறையின் விலையை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது.

திருவொற்றியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 வரை அது தனி நகராட்சி. கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர் ஆகியவையும் அப்படித்தான். அந்த ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இவை எல்லாம் அதில் கரைந்தன. தனக்கென்று ஒரு மன்றம் வைத்திருந்த திருவொற்றியூர் இப்போது மாநகராட்சியின் ஒரு மண்டலம்; அதற்கு 200 வார்டுகளில் 14. அதன்பின் 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். அந்த ஆண்டுகளில் வந்த கட்டடங்கள் குறித்துக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இருந்ததில்லை.

இதில் மாநகராட்சிக்கு மிச்சம் இருப்பது என்ன? சிறிய கட்டடங்களுக்கான அனுமதியை சி.எம்.டி.ஏ. அதனிடம் ஒப்படைத்திருக்கிறது. பெரிய கட்டடத்துக்கு சி.எம்.டி.ஏ. திட்ட அனுமதி கொடுத்த பிறகு கோப்பு மாநகராட்சிக்கு வரும்; கட்டட அனுமதியை அது வழங்கும். ஆனால் அது அதிகாரிகள் மட்டத்து நடைமுறை. மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வராது.

ஒரு கணக்கு: இரண்டரை ஏக்கரில் எவ்வளவு கட்டலாம்?

‘பத்து மாடி வருகிறது’, ‘ஆறு திரை வருகிறது’ என்று வதந்திகள் பறக்கும்போது கணக்குத் தெரிந்தவர் நிதானமாக இருக்கலாம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. மூன்று எண்களைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, தளப் பரப்புக் குறியீடு. எல்லாரும் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். நிலத்தின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதே அது. 18.30 மீட்டர் உயரம் வரையிலான கட்டடத்துக்கு 2. அதற்கு மேல் போனால் உயர்மாடிக் கட்டடம். சாலை போதிய அகலம் இருந்தால் 3.25 வரை. கட்டணம் செலுத்தி ‘பிரீமியம்’ எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் இன்னும் கூடும். 18 மீட்டருக்குக் குறையாத சாலையில் அனுமதிக்கப்பட்ட அளவில் பாதி வரை கூடுதலாகப் பெறலாம்.

மூடிய ஆலை ஒன்றின் இரண்டரை ஏக்கரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 10,117 சதுர மீட்டர். உயர்மாடி இல்லாமல் கட்டினால் சுமார் 20,234 சதுர மீட்டர், அதாவது இரண்டே கால் லட்சம் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. உயர்மாடியாகக் கட்டினால் 32,880 சதுர மீட்டர், மூன்றரை லட்சம் சதுர அடி. ஒரே நிலம்தான். முன்னால் இருக்கும் சாலையின் அகலம் இந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது எண் 10,000 சதுர மீட்டர். மனையின் பரப்பு இதைத் தாண்டினால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். இதுவே ஓ.எஸ்.ஆர். நிலம். 3,000-க்கு மேல் 10,000 வரை இருந்தால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். நம் இரண்டரை ஏக்கர் அந்தக் கோட்டை வெறும் 117 சதுர மீட்டரில் தாண்டுகிறது. அதனால் கிடைப்பது சுமார் நாலரை கிரவுண்டு திறந்தவெளி. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ நாலரை கிரவுண்டு விளையாட்டுத் திடல் என்பது சாதாரண விஷயமில்லை. ஆகவே மனையின் பரப்பு 9,900 என்று காட்டப்பட்டால், மீதி எங்கே போனது, யார் பெயரில் பிரிந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி.

மூன்றாவது எண் 20,000 சதுர மீட்டர். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு இந்த அளவை எட்டினால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வாகன நிறுத்தத் தளங்கள் பெரும்பாலும் சேராது. சுற்றுச்சூழல் கணக்கில் அடித்தளம் உட்பட மூடிய பரப்பு முழுவதும் சேரும். கடைப் பகுதி 15,000 சதுர மீட்டர்தானே என்று சொல்லப்படும் ஒரு மாலுக்கு அடித்தள வாகன நிறுத்தம் 6,000 சதுர மீட்டர் இருந்தால், அது 20,000-ஐத் தாண்டிவிட்டது.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஏன் நடக்கவில்லை?

எண்ணூரில் அனல்மின் நிலையம் என்றால் பந்தல் போட்டு, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடப்பதை வடசென்னை மக்கள் பார்த்துப் பழகியவர்கள். மாலுக்கும் அப்படி ஒன்று நடக்கும் என்று காத்திருந்து ஏமாறுகிறார்கள்.

காரணம் அதே 2006 அறிவிக்கையில் இருக்கிறது. கட்டடத் திட்டங்களும் நகரிய வளாகங்களும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குப் பெற்றவை. விண்ணப்பத்தை மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து, சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் பரிந்துரைக்கும். அது அனுமதி தரும் அல்லது மறுக்கும். எல்லாம் காகிதத்தில் நடந்து முடியும். இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் ஒரு கட்டடம் தன் தெருவில் எழும்போது, அந்தத் தெருக்காரரை ஒரு முறைகூட அழைத்துக் கேட்கத் தேவையில்லை என்ற இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

பந்தல் இல்லாவிட்டாலும் ஆவணங்கள் பொதுவெளியில் உண்டு. விண்ணப்பமும் இணைப்புகளும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்படும். நிலத்தின் வரைபடம், நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர், கழிவுநீர் எங்கே போகும், எத்தனை வண்டி நிற்கும் என்ற எல்லாம் அதில் இருக்கும். அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் நிறுவனம் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். கட்டடம் முக்கால்வாசி எழுந்த பிறகு போனால் இந்தக் கதவு மூடியிருக்கும்.

நில வகைப்பாடு: சத்தமில்லாமல் வந்துபோகும் அறிவிப்பு

முழுமைத் திட்டம் நகரத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டைக் குறித்து வைத்திருக்கிறது. குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், அபாயகரத் தொழில், நிறுவனப் பயன்பாடு, திறந்தவெளி என்று. வடசென்னையின் வரைபடத்தில் தொழில் வகைப்பாடு பெரும் பரப்பைப் பிடித்திருக்கிறது. ஆலை இருந்த இடத்தில் மால் கட்ட, பெரும்பாலும் முதலில் இந்த வகைப்பாட்டை மாற்ற வேண்டிவரும்.

அதற்கு நிலத்துக்காரர் சி.எம்.டி.ஏ.வில் விண்ணப்பிக்க வேண்டும். நாளிதழில் சர்வே எண்களோடு அறிவிப்பு வரும், ஆட்சேபம் கேட்பார்கள். முழு நடைமுறையிலும் அக்கம்பக்கத்தார் எழுத்தில் சொல்வதைப் பதிவுசெய்தாக வேண்டிய கட்டம் இதுதான். சிறிய எழுத்தில், கிராமத்தின் பழைய பெயரோடு வருவதால் அது பலர் கண்ணில் படுவதில்லை. ‘தண்டையார்பேட்டை கிராமம், சர்வே எண் இன்னது’ என்று படித்தால் நம் தெருமுனை ஆலைதான் அது என்று எத்தனை பேருக்குப் புலப்படும்?

ஆட்சேபத்தில் எழுத வேண்டியவை: பழைய ஆலை நிலத்தின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ரசாயனம் தங்கியிருக்கிறதா என்ற சோதனை நடந்ததா? அருகில் எரிபொருள் சேமிப்புக் கிடங்கோ குழாய்ப்பாதையோ உண்டா? ஆயிரக்கணக்கானோர் கூடும் கட்டடத்தை அதன் பக்கத்தில் அனுமதிக்கலாமா? காசிமேடு, எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கமானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல எல்லைக்குள் வருகிறதா? அந்த மண்டலத்தின் நகரப் பகுதிகளில், ஏற்கெனவே உள்ள சாலை அல்லது அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்துக்கு நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்ட முடியும்.

சாலையும் வெள்ளமும்

போக்குவரத்துக் காவல்துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் பெரிய வணிகக் கட்டடம் அனுமதி பெறாது. ஆனால் விதி பார்ப்பது கட்டடத்தின் வாசலில் உள்ள சாலை அகலத்தை. வடசென்னையில் நெரிசல் வாசலில் உருவாவதில்லை. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசை, ரயில்வே கேட், ஒற்றைச் சுரங்கப்பாதை, குறுகும் பாலம் என்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி உருவாகிறது. கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கும் வண்டிக்கு மாலின் முன் சாலை 18 மீட்டர் என்பதால் எந்தப் பயனுமில்லை.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கியது ஒரு நல்ல வாய்ப்பு. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வளாகம் அமைந்தால் வண்டிகள் குறையும். அதே வளாகம் மாதவரம் உட்புறத்தில் ஒரு ஒடுங்கிய சாலையில் அமைந்தால் எத்தனை அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினாலும் தீராது. மால் எதிர்ப்பு, மால் ஆதரவு என்று பொதுவாகப் பேசுவதை விட்டு, எந்த இடம் என்று பேசினால் விவாதம் உருப்படியாகும்.

வெள்ளம் இன்னும் கூர்மையான பிரச்சினை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் வடசென்னை மறக்காது. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஆகியவை நிரம்பினால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாய்க்கு 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம் இந்தப் பகுதிகளுக்காகத்தான் வகுக்கப்பட்டது.

புதிய வளாகத்தைச் சாலை மட்டத்துக்கு மேலே மூன்று அடி உயர்த்தி மண் நிரப்புவார்கள். உள்ளே தண்ணீர் வராது. ஆலை மூடியபின் காலியாகக் கிடந்து மழைநீரை உறிஞ்சிய அதே நிலம் இப்போது சிமெண்ட் பூசி, அந்த நீரைப் பின்பக்கத்துத் தெருவுக்குத் தள்ளும். தெருவை உயர்த்தி உயர்த்தித் தரைத்தளம் பள்ளமாகிப்போன பழைய வீடுகள் அங்கே இருக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய ஆவணம் கட்டடத்தின் அழகிய மாதிரிப் படமன்று. நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் சமமட்ட வரைபடமும், மழைநீர் எந்த வடிகாலில் சேரும், அந்த வடிகாலின் கொள்ளளவு என்ன என்ற கணக்கும்.

கடைக்காரர்கள்: மன்றத்தில் அதிகம் பேசப்படுவது, விதியில் இல்லாதது

மால் வந்தால் எம்.சி. ரோட்டுத் துணிக்கடை, பெரம்பூர்ப் பாத்திரக்கடை, தெருமுனை மளிகை எல்லாம் படுத்துவிடும் என்பதுதான் மன்றத்தில் உணர்ச்சியோடு ஒலிக்கும் வாதம். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் 2019 விதிகளில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. உயரம், பக்க இடைவெளி, தீயணைப்பு, வாகன நிறுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அருகில் எத்தனை கடைகள் வியாபாரம் இழக்கும் என்று பார்க்க மாட்டார்கள். போட்டியைக் காரணம் காட்டித் திட்ட அனுமதியை மறுக்க முடியாது.

சாலையோர வியாபாரிகளின் நிலை வேறு. அவர்களுக்குத் தனிச் சட்டமே உண்டு. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். இதில் மாநகராட்சிக்கு நேரடிப் பொறுப்பு இருப்பதால், மன்றத்தில் வலியுறுத்தினால் பலன் கிடைக்கக்கூடிய இடம் இதுதான். அதன் முக்கியக் கூறுகள்:

1. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது.

2. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

3. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு.

4. 50 ஆண்டுக்கு மேலாக நடக்கும் இயல்பான சந்தை பாரம்பரியச் சந்தையாகக் கருதப்படும். அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது.

நான்காவதை வடசென்னை இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மால் கட்டியபின் ‘நடைபாதையை அழகுபடுத்துகிறோம்’ என்று தொடங்கும் வேலையில், மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் முதலில் எழுப்பப்படுவார்கள். அனுமதிக்கு முன்பே அந்தச் சாலையின் வியாபாரிகள் கணக்கில் ஏறியிருந்தால் அவர்களை அவ்வளவு எளிதாக எழுப்ப முடியாது.

சந்தைகளை மேலிருந்து நகர்த்துவது இந்த நகரத்துக்குப் புதிதுமில்லை. பிராட்வே நெரிசலைத் தீர்க்கவென்று மூர் மார்க்கெட் கட்டப்பட்டு 1900-ல் திறந்தது. 1985 மே மாதம் அது எரிந்தபோது, பழைய புத்தகக்காரர்கள் உள்ளிட்ட வியாபாரிகள் அல்லிக்குளம் பக்கம் ஒதுங்கினார்கள். பழைய கூட்டம் அங்கே திரும்பவில்லை. கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. நகரத்துக்கு அது தேவையாக இருந்தது. லாரிகள் ஜார்ஜ் டவுனுக்குள் நுழைய முடியாத நிலை. உரிமம் பெற்ற மொத்த வியாபாரிக்குக் கோயம்பேட்டில் கடை கிடைத்தது. மூட்டை தூக்கியவருக்கும், டீ விற்றவருக்கும், உதிரிக் காய்கறியை அள்ளிவந்து தெருவில் விற்ற பெண்ணுக்கும் எதுவும் எழுதித் தரப்படவில்லை. மறுகட்டுமானத் திட்டங்களில் இழப்பீட்டுப் பட்டியல் எப்போதும் ஆவணம் வைத்திருப்பவரோடு நின்றுவிடுகிறது. மாநகராட்சி நிலத்தில் வரும் எந்த வளாகத்துக்கும் மன்றம் இந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாநகராட்சிக்கு வருமானம் கொட்டுமா?

ஓரளவு. மாலின் சொத்து வரியும், அங்கே வேலை செய்பவர்களின் தொழில் வரியும், தொழில் உரிமக் கட்டணமும் மாநகராட்சிக்கு வரும். விற்பனையின் மீதான ஜி.எஸ்.டி. ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் போகும். திட்ட அனுமதியோடு வசூலிக்கப்படும் உள்கட்டமைப்புக் கட்டணமும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணமும் மாநகராட்சியின் கணக்கில் நேராக விழுவதில்லை. குப்பை அள்ளுவதும் சாலை போடுவதும் வடிகால் தூர்வாருவதும் மட்டும் மாநகராட்சியின் தலையில்.

இங்கே ஒரு கோரிக்கை வலுவாக வைக்கலாம். 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டபோது 4,181 கோடியாக விரிந்தது. பல துறைகளின் பணம் அதில் ஒன்று சேர்கிறது. வடசென்னைக் கட்டடங்களிலிருந்து திரட்டப்படும் உள்கட்டமைப்புக் கட்டணம் வடசென்னையின் சாலைக்கும் வடிகாலுக்குமே செலவாக வேண்டும் என்று மன்றம் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பலாம். அது அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கணக்குக் கேட்பதற்கு ஒரு பதிவு உருவாகும்.

கவுன்சிலரும் குடியிருப்போரும் செய்யக்கூடியவை

1. பகுதி சபை. 2022 விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபைகள் ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். அங்கே எழும் கோரிக்கை கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போகும். சி.எம்.டி.ஏ.வுக்கு அனுப்பும் ஆட்சேபத்தோடு பகுதி சபையின் பதிவையும் இணைத்தால் அது தனிமனிதர் கடிதமாக நிற்காது.

2. தகவல் உரிமைச் சட்டம். நில வகைப்பாடு மாற்ற விண்ணப்பம், போக்குவரத்துக் காவல்துறைச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

3. மாநகராட்சி நிலமானால் தீர்மானத்தின் வரிகளைப் படிக்க வேண்டும். குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும், இப்போதைய கடைக்காரர்களுக்குத் தரைத்தளத்தில் இடமா அல்லது மூன்றாவது மாடியிலா? மூன்றாவது மாடியில் பூக்கடை நடக்காது.

4. பணி முடிப்புச் சான்று. அனுமதித்த வரைபடத்தின்படி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து சி.எம்.டி.ஏ. தரும் சான்று இது. இது இல்லாமல் மின்சாரமும் குடிநீரும் நிரந்தர இணைப்பாகக் கிடைக்கக் கூடாது. 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் பலமாடி ஜவுளிக்கடை எரிந்து, கட்டடத்தையே இடித்துத் தள்ள வேண்டிவந்தது. நெருக்கமான கடைத்தெருவில் பெரிய கட்டடம் எரிந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாள் நகரம் முழுவதுக்கும் காட்டியது. தீயணைப்பு வண்டி சுற்றிவர விட்ட இடைவெளியில் பின்னாளில் கடை முளைத்தால் அதை முதலில் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

5. ஓ.எஸ்.ஆர். நிலம். தானப் பத்திரம் பதிவானதா, அந்த இடத்தில் பெயர்ப்பலகை இருக்கிறதா, பொதுமக்கள் உள்ளே போக முடிகிறதா? வளாகத்தின் பின்மூலையில், காவலாளி நிற்கும் வாசலுக்கு உள்ளே ஒதுக்கப்பட்ட திறந்தவெளி யாருக்கும் திறந்தவெளி ஆகாது. ஒப்படைக்கப்பட்ட பின் அதைப் பூங்காவாக்குவது மாநகராட்சியின் வேலை. மன்றத்தில் இதைக் கேட்கக் கவுன்சிலருக்கு முழு உரிமை உண்டு.

இவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட கட்டடம் வரும்போது செய்ய வேண்டியவை. அதற்கும் முந்தைய கட்டம் ஒன்று இப்போது நடந்துகொண்டிருக்கிறது. 2027 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டத்தை சி.எம்.டி.ஏ. தயாரிக்கிறது. மூடிய ஆலைகளின் நிலம் இனி எந்த நிறத்தில் குறிக்கப்படும், எந்தச் சாலைகள் வணிகச் சாலைகளாகும், கால்வாய்க் கரைகளில் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் முடிவாகும். வரைவை வெளியிட்டு ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்பது சட்டக் கட்டாயம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலக் குழுக்கள் தத்தம் பகுதியின் பக்கங்களைத் தனியே எடுத்து, சர்வே எண் வாரியாக விவாதித்து, எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். அந்த வரைபடத்தில் ஓர் ஆலை நிலம் ஒருமுறை வணிகப் பகுதியாகக் குறிக்கப்பட்டுவிட்டால், பிறகு அங்கே மால் கட்ட வருபவர் வகைப்பாடு மாற்றம் கேட்டு நாளிதழில் அறிவிப்புக் கொடுக்கத் தேவையே இருக்காது.